சிம்ப்சன்ஸ் மோனோரயில் எபிசோட்: குவிஸ் ரவுண்டுக்கு ரெஃபரன்ஸ்கள் தேடுகிறேன்

கேகேநகர்_குவிஸ்

வணக்கம். எங்கள் அப்பார்ட்மென்டில் பொங்கல் விடுமுறைக்கு ஒரு குவிஸ் வைப்பது வழக்கம், இந்த முறை அனிமேஷன் ரவுண்ட் என் பொறுப்பு. நாலைந்து தொடர்களிலிருந்து பொத்தாம்பொதுவாகக் கேட்பதை விட ஒரே ஒரு எபிசோடை எடுத்து அதற்குள் எவ்வளவு ஆழம் போகலாம் என்று பார்க்க ஆசை. தி சிம்ப்சன்ஸ் நான்காவது சீசனில் வரும் 'மார்ஜ் வெர்சஸ் தி மோனோரயில்' எபிசோடை எடுத்திருக்கிறேன். அமெரிக்காவில் ஃபாக்ஸ் சேனலில் முதலில் வந்தது 1993 ஜனவரி 14, நமக்குப் பொங்கல் சமயம், அதனால் தேதியும் பொருந்திவிட்டது.

கதையை மறந்தவர்களுக்கு: ஸ்ப்ரிங்ஃபீல்ட் அணுமின் நிலையத்தின் முதலாளி பர்ன்ஸ், கழிவுப் பீப்பாய்களை பூங்கா மரங்களுக்குள் ஒளித்து வைத்து மாட்டிக்கொள்கிறார், 30 லட்சம் டாலர் அபராதம். அந்தப் பணத்தை என்ன செய்யலாம் என்று ஊர்க்கூட்டம். குண்டும் குழியுமான மெயின் ஸ்ட்ரீட்டைச் சரிசெய்யலாம் என்கிறாள் தொடரின் குடும்பத் தலைவி மார்ஜ், ஊரும் கிட்டத்தட்ட ஒப்புக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து லைல் லான்லி என்கிற ஆள் விசில் அடித்துக்கொண்டு வந்து, ஒரே பாட்டில் எல்லோர் தலையிலும் ஒரு மோனோரயிலை, அதாவது ஒற்றைத் தடத்தில் ஓடும் ரயிலை, கட்டிவிடுகிறான். மார்ஜின் கணவன் ஹோமர் அதற்கு ஓட்டுநர் ஆகிறான். வண்டி முதல் ஓட்டத்திலேயே நிற்காமல் ஓடுகிறது.

எனக்கு வேண்டியது இரண்டு. முதலாவது, ஆரம்பக் காட்சி, பர்ன்ஸை கோர்ட்டுக்குக் கொண்டு வரும் கோலம், மேயர் சொல்லும் வசனம், லான்லியின் பாட்டு, இவையெல்லாம் எதைத் தொட்டுக் காட்டுகின்றன என்ற ஃபண்டா, அதாவது பின்னணித் தகவல். இரண்டாவது, எடுத்தவர்கள், குரல் கொடுத்தவர்கள் பற்றிய உறுதியான தகவல்கள். வருகிறவர்களில் எட்டாம் வகுப்புப் பையன்களும் இருப்பார்கள், ரிட்டையர் ஆன ரயில்வேக்காரர்களும் இருப்பார்கள், பாதிப் பேர் இந்தத் தொடரையே பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே மனப்பாடமாகத் தெரிந்தால்தான் சொல்ல முடியும் என்கிற மாதிரி கேள்வி வேண்டாம், யோசித்தால் பிடிபட வேண்டும். அப்புறம், சிம்ப்சன்ஸ் எதிர்காலத்தைக் கணித்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விஷயங்களிலிருந்து ஒன்றைச் சேர்க்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள், அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

---

பெரம்பூர்_பெட்ராக்

முதல் காட்சியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு ரவுண்டுக்கே சரக்கு இருக்கிறது. ஆலைச் சங்கு ஊதியதும் ஹோமர் சறுக்கிக்கொண்டு இறங்கி, ஜன்னல் வழியாக நேராகக் காரில் விழுந்து, தன் பெயரைப் போட்டுப் பாடிக்கொண்டே போய் ஒரு மரத்தில் மோதுகிறானே, அது தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் தொடரின் டைட்டில் காட்சி. அங்கே ஃப்ரெட் கல் குவாரியில் வேலை முடிந்ததும் டைனோசர் வாலில் சறுக்கி இறங்கிக் காரில் ஏறுவான். நம்மில் பலர் கார்ட்டூன் நெட்வொர்க்கில் பார்த்திருப்போம். அந்தப் பிரபலமான பாட்டு தொடரின் மூன்றாவது சீசனில்தான் வந்தது, முதல் இரண்டு சீசன்களில் வேறு டைட்டில் இசை. இதுவே தனியாக ஒரு கேள்வி.

இந்த இடத்தை வெறும் நையாண்டி என்று மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்த மாதிரி. ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் 1960 முதல் 1966 வரை ஏபிசி சேனலில் ஓடியது, மொத்தம் 166 எபிசோட். குழந்தைகள் நேரத்தில் போடாமல், பெரியவர்கள் வேலை முடிந்து உட்காரும் ராத்திரி நேரத்தில் ஒரு கார்ட்டூன் குடும்பத்தை வைத்து நகைச்சுவைத் தொடர் நடத்தலாம் என்று காட்டியதே அதுதான். அதற்குப் பிறகு அந்த நேரத்தில் அவ்வளவு காலம் நின்று ஓடிய கார்ட்டூன் சிம்ப்சன்ஸ்தான். 1997 பிப்ரவரியில் தன் 167-ஆவது எபிசோடில் அந்தக் கணக்கைத் தாண்டியது. ஆகவே 1993-ல் ஹோமர் ஃப்ரெட்டைப் போல இறங்கி வருவது, பேரன் தாத்தாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி. எனக்கு அந்தச் சில நொடிகள் மீது தனிப் பிரியம் உண்டு.

கேள்வியாக: "1966-ல் முடிந்த ஒரு தொடர் வைத்திருந்த 166 என்ற சாதனையை 1997-ல் இன்னொரு தொடர் முறியடித்தது. இரண்டுக்கும் பொதுவான வகை எது, இரண்டு தொடர்களும் எவை?" பெரியவர்களும் யோசித்துச் சொல்லிவிடலாம்.

பர்ன்ஸை கைகால் கட்டி, முகத்தில் மூடி போட்டு, தள்ளுவண்டியில் நிறுத்திக் கொண்டுவருவது தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ் படத்தில் ஹானிபல் லெக்டரைக் கொண்டுவரும் கோலம். படம் 1991, எபிசோட் வந்தபோது அந்த உருவம் எல்லோருக்கும் பழக்கமாகியிருந்தது. அங்கே மனிதனைத் தின்கிறவனுக்குச் செய்த கட்டுக்காவலை இங்கே குப்பை கொட்டிய கிழவருக்குச் செய்கிறார்கள். அவரோ அபராதத்தைச் சில்லறை போல எடுத்துக் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் இருக்கும் நீதி தேவதை சிலையையும் விலைக்குக் கேட்கிறார், விற்றும்விடுகிறார்கள்! லெக்டரைத் தெரியாதவனுக்கும் அந்தச் சிலை புரிந்துவிடும், அந்தக் காட்சி எழுதியிருக்கும் அழகு அதில்தான் இருக்கிறது.

மேயர் க்விம்பி வசனம் சிட்டர், எளிதில் பிடிபடும் கேள்வி. மோனோரயில் திறப்பு விழாவுக்கு வந்திருப்பவர் ஸ்டார் ட்ரெக் நடிகர் லெனார்ட் நிமோய், மேயர் அவரைப் பார்த்துச் சொல்வது ஸ்டார் வார்ஸ் வசனம். நான் யாரென்று தெரியுமா என்று நிமோய் கேட்டால், மேயர் அதற்கும் முந்தைய கால குழந்தை நட்சத்திரக் கூட்டம் ஒன்றின் பெயரைச் சொல்கிறார். விழாவுக்கு அழைத்த விருந்தாளி யார் என்றே தெரியாமல் மாலை போடும் தலைவர்கள் எந்த ஊரில் இல்லை.

---

அடையாறு_கீஃப்ரேம்

அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன், எடுத்தவர்கள் பக்கத்தை நான் சொல்கிறேன்.

எழுதியது கோனன் ஓ'பிரையன். பின்னாளில் ராத்திரி டாக் ஷோ நடத்திய அதே மனிதர்தான். சிம்ப்சன்ஸுக்கு வருவதற்கு முன்பு சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சிக்கு எழுதிக்கொண்டிருந்தார், அதற்கும் முன்பு ஹார்வர்டில் மாணவர்கள் நடத்தும் லாம்பூன் நகைச்சுவைப் பத்திரிகைக்குத் தலைவராக இருந்தவர். 1993 செப்டம்பரில் லேட் நைட் மேடைக்குப் போய்விட்டார். அவர் எழுதிய இன்னொரு எபிசோடான 'ஹோமர் கோஸ் டு காலேஜ்' அக்டோபரில் ஒளிபரப்பானபோது அவர் ஏற்கெனவே வேறு சேனலில் தொகுப்பாளர்.

இயக்கியவர் ரிச் மூர். இவரை வைத்து மிக நல்ல கேள்வி ஒன்று செய்யலாம், ஏனென்றால் சிம்ப்சன்ஸையே பார்க்காத பையன்களும் இவர் வேலையைப் பார்த்திருப்பார்கள்: டிஸ்னியில் ரெக்-இட் ரால்ஃப் (2012) இவர் இயக்கியது, ஜூடோபியா (2016) பைரன் ஹாவர்டுடன் சேர்ந்து இயக்கி ஆஸ்கர் வாங்கியது. ஜூடோபியாவில் இருக்கும் அந்த நகரத்தையும் அதன் ரயிலையும் ஒரு படத்தில் காட்டி, இதே இயக்குநர் 1993-ல் வேறொரு ஊருக்கு ரயில் விட்டார், அது பிரேக் பிடிக்கவில்லை, எந்த ஊர் என்று கேளுங்கள். பையன்கள் துள்ளிக்கொண்டு பதில் சொல்வார்கள்.

லான்லிக்குக் குரல் ஃபில் ஹார்ட்மன். இந்தத் தொடரில் ட்ராய் மெக்லூர், வக்கீல் லயனல் ஹட்ஸ் இரண்டும் அவர்தான். 1998 மே மாதம் அவர் இறந்த பிறகு அந்த இரண்டு கதாபாத்திரங்களுக்கும் வேறு யாரையும் போடாமல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நான் இந்த எபிசோடை வேலைக்காகச் சத்தத்தை மட்டும் ஓடவிட்டுக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலில் அவசரமே கிடையாது, உங்களுக்கு வேண்டாம் என்றால் பக்கத்து ஊருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று கிளம்பப் பார்க்கிறான், அப்போதுதான் ஊர் அவன் பின்னால் ஓடுகிறது. நாங்கள் வரைகிறவர்கள் முகத்தில் எத்தனை கோடு போட்டாலும் இது குரலில் வராவிட்டால் வராது.

இப்போது நிமோய். முதலில் கேட்டது அவரை அல்ல, அதே ஸ்டார் ட்ரெக்கில் நடித்த ஜார்ஜ் டகேயை. அவர் இரண்டாவது சீசனில் ஜப்பானிய உணவகம் வரும் எபிசோடுக்கு ஏற்கெனவே குரல் கொடுத்தவர், ஆனாலும் இதற்கு மறுத்துவிட்டார், பொதுப் போக்குவரத்தைக் கிண்டல் செய்வதில் பங்கெடுக்க மாட்டேன் என்று. காரணம் இருக்கிறது. 1973 முதல் 1984 வரை லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் பொதுப் போக்குவரத்து வாரியத்தில் உறுப்பினராக இருந்து, அந்த நகரத்துக்கு சுரங்க ரயில் கொண்டுவருவதற்கான வேலையில் ஈடுபட்டவர். ரெட் லைன் என்ற அந்தச் சுரங்கத் தடத்தின் முதல் பகுதி திறந்தது 1993 ஜனவரி 30. எபிசோட் வந்து சரியாகப் பதினாறாம் நாள்! இதை விடச் சிறந்த ஃபண்டா உங்களுக்குக் கிடைக்காது, கடைசிக் கேள்வியாக வையுங்கள்.

நிமோய் வந்ததும் நல்லதாகத்தான் போயிற்று. வண்டி நிற்காமல் ஓடும்போது சூரிய கிரகணம் வருகிறது, அவர் அண்டத்தின் நடனத்தைப் பற்றித் தத்துவம் பேச, பக்கத்து ஆள் வேறு யாராவது சீட் மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறான். கடைசியில் என் வேலை முடிந்தது என்கிறார், நீங்கள் ஒன்றுமே செய்யவில்லையே என்று கேட்டதும் ஒரு புன்னகையோடு ஸ்டார் ட்ரெக் பாணியில் மினுமினுத்து மறைகிறார். தன் பிம்பத்தை இப்படி முழுமனதோடு விட்டுக்கொடுக்கும் நடிகர்கள் குறைவு. 1997-ல் 'தி ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஃபைல்ஸ்' எபிசோடில் மறுபடி வந்தார்.

---

மந்தைவெளி_நாடகம்

மேலே இருவர் சொன்னதும் சரி, ஆனால் லான்லியின் பாட்டை எல்லோரும் தொடாமல் விட்டுவிட்டீர்கள். எபிசோடின் முதுகெலும்பே அதுதான்.

அது தி மியூசிக் மேன் என்ற இசை நாடகத்திலிருந்து வருகிறது. மெரிடித் வில்சன் எழுதி 1957-ல் பிராட்வேயில் மேடையேறியது, 1962-ல் படமானது, இரண்டிலும் நாயகன் ராபர்ட் பிரஸ்டன். ஹாரல்ட் ஹில் என்ற ஊர் ஊராகச் சுற்றும் ஏமாற்றுக்காரன் அயோவா மாநிலத்தில் ரிவர் சிட்டி என்னும் சின்ன ஊருக்கு வருகிறான். உங்கள் ஊருக்கு ஒரு பெரிய கேடு வந்திருக்கிறது என்று பேச்சும் பாட்டுமாக அடுக்கி, அதற்குத் தீர்வு பையன்களுக்கு ஒரு பேண்ட் வாத்தியக் குழுதான் என்று வாத்தியங்களையும் சீருடைகளையும் விற்கிறான். அவனுக்குச் சங்கீதம் ஒரு ஸ்வரம் கூடத் தெரியாது. லான்லியின் தொப்பி, போ டை, கூட்டத்தைத் திரும்பச் சொல்ல வைத்துக் கோரஸாக்கும் விதம், எல்லாம் அங்கிருந்து வந்தவை.

அதை அப்படியே எடுத்து வைத்துவிட்டுப் போகவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். மூல நாடகத்தில் ஹில்லைச் சந்தேகப்படுகிறவள் ஊர் நூலகர் மரியன். அவள் அவனைப் பற்றிய ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவனை நேசிக்கிறாள், அவனும் திருந்துகிறான், கடைசியில் பையன்கள் எப்படியோ வாசிக்கிறார்கள், பெற்றோருக்கு ஆனந்தம். அங்கே பொய் கடைசியில் உண்மையாகிறது. சிம்ப்சன்ஸில் சந்தேகப்படுகிறவள் மார்ஜ், அவளும் தடயம் தேடிப் போகிறாள், லான்லி முன்பு ஏமாற்றிய நார்த் ஹேவர்புரூக் ஊரின் இடிபாடுகளைக் கண்ணால் பார்க்கிறாள், ஆனால் அவன் திருந்துவதில்லை. ஊருக்கே பட்டை நாமம் போட்டுவிட்டுப் பணப்பெட்டியோடு விமானம் ஏறுகிறான். அந்த விமானம் நடுவில் நிற்கும் ஊர் அதே நார்த் ஹேவர்புரூக். மேடையில் காதல் செய்த வேலையை இங்கே ஏமாந்த ஊர்க்காரர்கள் கையால் செய்துவிடுகிறார்கள். அந்த நாடகம் ஊருக்கு ஊர் பள்ளிகளில் போடப்பட்ட ஒன்று, முடிவு எல்லோருக்கும் தெரியும், அந்த முடிவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

பாலு சார் (பெரம்பூர்காரரை அப்படித்தான் இங்கே எல்லோரும் கூப்பிடுகிறோம்) சொன்னது போல ரெஃபரன்ஸ்களைப் பொறுக்கி எடுப்பதில் தவறில்லை, ஆனால் எல்லா ரெஃபரன்ஸும் ஒரே எடை இல்லை என்பதை உங்கள் ரவுண்ட் காட்ட வேண்டும். லொள்ளு சபாவை நினைத்துப் பாருங்கள். அதில் மூலப் படத்தைப் பார்த்தவனுக்குத்தான் முழுச் சிரிப்பு, காட்சிக்குக் காட்சி அந்தப் படம் தெரிந்திருக்க வேண்டும், அது அந்த வகையின் இயல்பு, எனக்கும் மிகவும் பிடிக்கும். மோனோரயில் எபிசோடில் ஹில் யாரென்று தெரியாத சென்னைக்காரனுக்கும் லான்லி யாரென்று தெரியும். 2012 வாக்கில் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகளில் பணத்தைப் போட்டுவிட்டு நின்றவர்களைக் கேளுங்கள், இப்படித்தான் மேடை போட்டு, பாட்டுப் போட்டு, பக்கத்து ஊர்க்காரன் முந்திக்கொள்வான் என்று சொல்லித்தான் வாங்கினார்கள்.

ஒரு காட்சியைத் தவறாமல் போட்டுக் காட்டுங்கள். லான்லி பள்ளிக்கு வந்து பிள்ளைகளிடம் பேசும்போது, மக்கள் எல்லாம் ஊரின் நடுவிலேயே நெருக்கமாக வாழும் சின்ன ஊருக்கு மோனோரயில் எதற்கு என்று மார்ஜின் மகள் லிசா கேட்கிறாள். கதையிலேயே சரியான கேள்வி அது ஒன்றுதான். அவன் பதில் சொல்வதில்லை, சொன்னால் இந்த அறையில் உனக்கும் எனக்கும் மட்டும்தான் புரியும் என்கிறான், அவள் முகம் மலர்ந்து உட்கார்ந்துவிடுகிறாள். முட்டாள்களை மட்டும் ஏமாற்றுகிறவன் சின்ன ஆள், கெட்டிக்காரியை அவள் கெட்டிக்காரத்தனத்தை வைத்தே வாயடைப்பவன்தான் பெரிய ஆள். எந்த ரெஃபரன்ஸும் இல்லாத அந்த இடம்தான் எனக்கு எபிசோடிலேயே உச்சம்.

---

கேகேநகர்_குவிஸ்

அனைவருக்கும் நன்றி, கையில் இப்போது இரண்டு ரவுண்டுக்குச் சரக்கு சேர்ந்துவிட்டது. டகே கேள்வி கண்டிப்பாகக் கடைசிதான். லிசா காட்சியைப் போட்டு நிறுத்தி, லான்லி என்ன பதில் சொல்வான் என்று கேட்கப் போகிறேன், சரியான பதில் இல்லாவிட்டாலும் நல்ல பதிலுக்கு மதிப்பெண்.

இன்னொன்று. எங்கள் ரயில்வேக்காரர்களுக்காக நிஜ மோனோரயில் பற்றியும் ஒன்றிரண்டு சேர்க்கலாமா? நம் ஊரிலேயே வருவதாக இருந்ததே, அதைக் கேட்டால் அரசியல் சண்டை வந்துவிடுமோ என்று யோசனை.

---

போரூர்_பீம்

வராது, தேதிகளையும் வழித்தடங்களையும் மட்டும் கேளுங்கள். சென்னை மோனோரயில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வெறும் ட்ரிவியா அல்ல, நான் அந்தத் தடம் வரும் என்று நம்பிய பகுதியில் வளர்ந்தவன்.

மெட்ரோ வேலை 2009-ல் தொடங்கியது. 2011-ல் வந்த புதிய அரசு நகரம் முழுக்க மோனோரயில் வலையை அறிவித்தது, பின்னர் வண்டலூரிலிருந்து வேளச்சேரி, பூந்தமல்லியிலிருந்து கத்திப்பாரா, போரூரிலிருந்து வடபழனி என்று வழித்தடங்கள் பேசப்பட்டன. ஒரு தூண்கூட எழும்பவில்லை. மெட்ரோ மட்டும் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியது. பூந்தமல்லிக்கு இப்போது கலங்கரை விளக்கத்திலிருந்து வரும் இரண்டாம் கட்ட மெட்ரோ தடம்தான். ஆகவே கேள்வி: "கத்திப்பாரா வரை ஒரு காலத்தில் திட்டமிடப்பட்டு வராமல் போனது, ஸ்ப்ரிங்ஃபீல்டில் வந்து நிற்காமல் ஓடியது, எது?" இதைக் கேட்டு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

மற்றவை: ஜெர்மனியின் வுப்பர்டாலில் 1901 முதல் தொங்கும் வகை ஓடுகிறது. டிஸ்னிலேண்டில் 1959, சியாட்டில் உலகக் கண்காட்சிக்கு 1962. சியாட்டிலில் அதை நகரம் முழுக்க விரிக்க 2002-ல் மக்களே வாக்களித்து ஒப்புதல் கொடுத்தார்கள், 2005-ல் அவர்களே வாக்களித்து நிறுத்தினார்கள். சிட்னி 1988-ல் திறந்து 2013-ல் மூடியது. மும்பையில் 2014 பிப்ரவரி. ரயில்வேக்காரர்களுக்கு ஒரு யார்க்கர் வேண்டுமானால் பட்டியாலா: 1907 முதல் 1927 வரை அந்த சமஸ்தானத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு ரயில் ஓடியது, சாலையில் ஒரு பக்கச் சக்கரம் உருள சமநிலை பிடித்துக்கொள்ளும், மாடும் கோவேறு கழுதையும் கூட இழுத்திருக்கின்றன. அதன் எஞ்சின் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

லிசாவின் கேள்விக்கு ஒரு போக்குவரத்து மாணவனாக நானும் பதில் சொல்கிறேன். கான்கிரீட் உத்தரத்தின் மேல் ரப்பர் டயர் உருள, பக்கவாட்டில் வழிகாட்டும் சக்கரங்கள் உத்தரத்தைக் கவ்விப் பிடித்துப் போவது இதன் அமைப்பு. தூண் மெலிது, வளைவு எளிது, சத்தம் குறைவு, அதனால் இடம் குறைந்த நகரத்துக்கு ஆசை காட்டும். ஆனால் தடம் மாற வேண்டுமென்றால் அந்த உத்தரத்தையே நகர்த்த வேண்டும், நடுவழியில் நின்றால் இறங்கி நடக்கப் பக்கத்தில் பாதை போட்டிருக்காவிட்டால் ஏணிதான். ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஹோமர் பெயர்ப்பலகையிலிருந்து 'எம்' எழுத்தைக் கழற்றிக் கயிற்றில் கட்டி வீசி, கடைசியில் டோனட் கடையின் ராட்சத டோனட்டில் மாட்டி நிறுத்துகிறானே, நடுவழியில் இறங்க வழியில்லாத வண்டி என்பதால்தான் அந்தக் காட்சி அவ்வளவு பதைபதைப்பாக இருக்கிறது.

எபிசோட் மோனோரயிலைத் திட்டுகிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கடைசியில் மார்ஜ் சொல்லி முடிக்கும்போது அந்த ஊர் குச்சி ஐஸ் குச்சிகளால் வானுயரக் கட்டடம், ஐம்பது அடி பூதக்கண்ணாடி, எங்கேயும் போகாத எஸ்கலேட்டர் எல்லாம் கட்டியிருப்பது தெரிகிறது, பூதக்கண்ணாடி வழியே வந்த வெயிலில் அந்தக் குச்சிக் கட்டடம் பற்றிக்கொள்கிறது. ரோடு போடாமல் வேறு எதை வாங்கினாலும் அவர்களுக்குச் சந்தோஷம். மெயின் ஸ்ட்ரீட் பள்ளம் அப்படியே இருக்கிறது, அதைத்தான் எபிசோட் திட்டுகிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நம் தெருவில் வண்டி ஓட்டுகிற எவருக்கும் மார்ஜ் பக்கம்தான் நிற்கத் தோன்றும்.

---

தாம்பரம்_தமிழினி

கணிப்பு விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அண்ணா, தயவுசெய்து அந்தக் கேள்வியை அப்படியே வைக்காதீர்கள். கல்லூரியில் எங்கள் குவிஸ் கிளப்பில் இதைப் பற்றித் தனியாக ஓர் அமர்வு வைத்தோம், சுற்றுகிற படங்களில் நிறைய பின்னால் செய்யப்பட்டவை, தொடரிலேயே இல்லாதவை.

நிஜமானதும் பொய்யானதும் எப்படிக் கலக்கிறது என்பதற்கு ட்ரம்ப் நல்ல உதாரணம். 2000 மார்ச்சில் வந்த 'பார்ட் டு தி ஃப்யூச்சர்' எபிசோடில் லிசா வருங்கால ஜனாதிபதி, முந்தைய ஜனாதிபதி ட்ரம்ப் விட்டுப்போன கடனைப் பற்றிப் பேசுவாள், இது உண்மை. ஆனால் அவர் எஸ்கலேட்டரில் இறங்கிக் கையசைக்கும் கார்ட்டூன் படமும் 2000-ல் வந்தது என்று அனுப்புகிறார்களே, அது 2015 ஜூலையில் வெளியான ஒரு குறும்படத்திலிருந்து எடுத்தது. அவர் நிஜமாக எஸ்கலேட்டரில் இறங்கி வந்து போட்டியை அறிவித்தது 2015 ஜூன் 16. அதாவது நடந்ததைப் பார்த்துத்தான் வரைந்தார்கள்.

எனவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: இரண்டு படங்களையும் காட்டி, எது நடப்பதற்கு முன் வந்தது, எது நடந்த பிறகு வந்தது என்று கேளுங்கள். நச்சரிப்பவர்களுக்கும் அவர்கள் கேட்டது கிடைக்கும், பெரியவர்கள் வீட்டுக் குரூப்பில் அடுத்த முறை அந்தப் படம் வரும்போது தேதி கேட்பார்கள்.

நீண்ட நாள் ஓடும் தொடரில் ஆயிரம் கிண்டல் இருந்தால் சில பொருந்தத்தான் செய்யும், அதில் மந்திரம் இல்லை. மோனோரயில் எபிசோடில் எழுதியவர்கள் ஊர்க்கூட்டத்தை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள், எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. பாட்டு முடிந்ததும் மார்ஜ் மறுபடி ரோட்டைப் பற்றிப் பேச எழுவாள், பார்ட்டே அம்மாவை மீறிப் பாட்டோடு சேர்ந்து கத்துவான். சொந்தப் பிள்ளையே அந்தப் பக்கம் போய்விட்ட அந்த நொடியை நிறுத்திக் காட்டிவிட்டு, இந்தக் கூட்டத்தில் பாடாமல் நிற்பது யார் என்று கேளுங்கள். தொடரையே பார்க்காதவர்களும் திரையைப் பார்த்துச் சொல்லலாம்.

---

அடையாறு_கீஃப்ரேம்

தமிழினி சொன்ன கேள்வி அருமை, ஆனால் அதற்கு முழு ஃபிரேமையும் காட்ட வேண்டும், ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்து எபிசோட்கள் 4:3 அளவில் வரையப்பட்டவை. அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிய பதிப்புகளும் சுற்றுகின்றன, அவற்றில் கூட்டத்தில் நிற்பவர்களில் சிலர் காணாமல் போவார்கள். டிஸ்னி பிளஸில் பார்க்கும்போது தொடரின் 'டீட்டெயில்ஸ்' பகுதியில் போய் பழைய விகிதத்தைத் தேர்ந்தெடுக்க வழி வைத்திருக்கிறார்கள், டிவிடி இருந்தால் இன்னும் நல்லது. ப்ரொஜெக்டரில் போடுவதற்கு முந்தின நாளே ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.